பக்கத்து வீட்டைப் பிடியுங்கள்: பேராக்கில் பிரிந்த குடும்பத்தைத் தெருக்காரர் ஞாபகத்தில் தேடுவது

பிரிந்துபோன ஒரு குடும்பத்தைப் பேராக்கில் தேடுகிறவருக்கு நல்ல பிடிமானம் அந்தக் குடும்பத்தின் பக்கத்து வீடுதான். தேடப்படுகிறவர்கள் தோட்டம் துண்டாடப்பட்டபோது ஒரு முறை, கித்தா மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது ஒரு முறை, பிள்ளைகளுக்குக் கிள்ளானிலோ ஜொகூரிலோ வேலை கிடைத்தபோது ஒரு முறை என்று இடம் மாறியிருப்பார்கள். ஆனால் ஒரு லயத்தில் இருந்த எல்லாக் குடும்பங்களும் தொலைதூரம் போய்விடுவதில்லை. ஒன்றிரண்டு குடும்பம் அருகிலுள்ள பட்டணத்துத் தாமானிலோ கம்பத்திலோ தங்கியிருக்கும். உங்கள் ஆட்களின் முகவரி அவர்களுக்குத் தெரிந்திருக்காது. லோரியில் எதை ஏற்றினார்கள், எந்தப் பக்கம் திரும்பினார்கள், பிறகு யார் கல்யாணத்தில் கண்டார்கள் என்பது தெரிந்திருக்கும். தேடலைத் தொடங்க அது போதும்.

பதிவேடு ஏன் பிறகு

ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) அலுவலகத்தில் பெயரைச் சொன்னால் முகவரி கிடைத்துவிடும் என்று நம்பிப் பலர் வரிசையில் நிற்கிறார்கள். இன்னொருவர் முகவரியை அங்கே கேட்டு வாங்க முடியாது. திருமணப் பதிவைப் பார்க்கலாம் என்றால், முஸ்லிம் அல்லாதாருக்குத் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிய பலர் எங்கும் பதியவில்லை.

பெயரும் காலை வாரும். காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியவர் கையில் சின்னசாமி 'எஸ்' எழுத்திலும் தொடங்கியிருக்கலாம், 'சி' எழுத்திலும் தொடங்கியிருக்கலாம். லட்சுமியின் இரண்டாவது எழுத்து சிலருக்கு 'ஏ', சிலருக்கு 'ஈ'. கூடப்பிறந்த அண்ணன் தம்பி ஐசியிலேயே தகப்பன் பெயர் இரண்டு விதமாக இருக்கும். ஆகவே பதிவேட்டை, கண்டுபிடித்ததைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வீட்டில் இருப்பதைத் திரட்டுங்கள்

1. தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தேடும் குடும்பத்தின் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஐசி பெயர், கூப்பிடும் பெயர், பட்டப்பெயர், செய்த வேலை, உடம்பில் அடையாளம், பூர்வீக ஊர். பட்டப்பெயரை எழுதக் கூச்சப்படாதீர்கள். ஐசி பெயர் மறந்தவர்கள்கூட 'மாட்டுக்காரர் வீடு', 'டைலர் வீடு' என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

2. பழைய தகரப்பெட்டியைத் திறங்கள். தேட வேண்டியவை: பிறப்புச் சூரா, பள்ளி விட்டுச்சென்ற சான்றிதழ், 1951இல் தொடங்கிய இபிஎஃப் தாள்கள், 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டு. தோட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரும் பெயரின் எழுத்துக்கூட்டலும் இவற்றில்தான் கிடைக்கும்.

3. எந்தத் தாளிலாவது 12 இலக்க ஐசி எண் இருந்தால் ஏழாவது, எட்டாவது இலக்கங்களைப் பாருங்கள். 08, 36, 37, 38, 39 ஆகியவை பேராக்கில் பிறந்தவர்களுக்கு உரியவை. அது பிறந்த மாநிலம் மட்டுமே. இப்போது இருக்கும் இடத்தைச் சொல்லாது.

4. படங்களைப் பெரிதாக நகலெடுங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும். முகத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். பின்னால் தெரியும் தண்ணீர்த்தொட்டி, கோயில் கொட்டகை, லயத்தின் படி, இவற்றை வைத்துத்தான் பெரியவர்கள் இடத்தைச் சொல்வார்கள்.

படி 2: இடத்துக்கு உள்ள எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள்

தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, ஆட்கள் அழைத்த பெயர் இன்னொன்று. கைமாறிய பிறகு மூன்றாவது ஒன்றும் வந்திருக்கும். மூன்றையும் எழுதுங்கள். டிவிஷன் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே தோட்டத்தில் இரண்டு டிவிஷன்காரர்கள் ஒருவரையொருவர் அறியாமலே வாழ்ந்திருக்கிறார்கள்.

பட்டணத்துப் பெயர்களும் மாறிவிட்டன. ஈப்போவில் ஹியூ லோ ஸ்திரீட் இன்று ஜாலான் சுல்தான் இஸ்கந்தார். புரூஸ்டர் ரோடு ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா ஆயிற்று. பெல்ஃபீல்ட் ஸ்திரீட் ஜாலான் சுல்தான் யூசோப், லீச் ஸ்திரீட் ஜாலான் பண்டார் தீமா. தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. பெரியவரிடம் பழைய பெயரைச் சொல்லுங்கள். வாடகைக் கார் ஓட்டுநரிடம் புதியதைச் சொல்லுங்கள்.

குறிப்பு: தோட்டமே அழிந்திருந்தாலும் தமிழ்ப்பள்ளியின் பெயரில் அது உயிரோடு இருக்கலாம். இடம் மாற்றப்பட்ட பல பள்ளிகள் பழைய தோட்டத்தின் பெயரை இன்னும் சுமக்கின்றன.

படி 3: தெருவை வரையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தாண்டாதீர்கள்.

1. பெரிய வெள்ளைத்தாளில் மாறாத இடங்களை முதலில் குறியுங்கள். தோட்டம் என்றால் கோயில், ஆபீஸ், ஸ்டோர், ஆயாக் கொட்டகை, பிரட்டுக் களம், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம். ஈப்போவின் சந்து என்றால் சாக்கடை, தண்ணீர்க்குழாய், மூலைக்கடை.

2. பிறகு லயத்தைக் கட்டங்களாகப் போட்டு, உங்கள் வீட்டுக்கு மட்டும் பெயர் எழுதுங்கள். மற்றக் கட்டங்கள் காலியாக இருக்கட்டும்.

3. தெரிந்ததாக நினைக்கும் பெயர்களைப் பென்சிலால் சின்னதாக, தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். முன்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால் பார்க்கிறவர் 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டிவிடுவார். காலிக் கட்டத்தைப் பார்த்தால்தான் நிரப்பக் கை துடிக்கும்.

4. ஒவ்வொருவரிடமும் புதிய நகலைக் கொடுங்கள். ஒருவர் நிரப்பியதை அடுத்தவருக்குக் காட்டாதீர்கள். இருவர் தனித்தனியே ஒரே வீட்டுக்கு ஒரே பெயரைச் சொன்னால் அதை மையால் எழுதலாம்.

படி 4: யாரை முதலில் பார்ப்பது

தோட்டத்துக் கோயில் திருவிழாதான் முதல் வாய்ப்பு. லயத்தை இடித்து எத்தனையோ ஆண்டுகள் ஆன இடங்களில்கூட மாரியம்மன் கோயிலோ முனியாண்டி சன்னிதியோ செம்பனைக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும். ஆண்டுக்கு ஒரு நாள் பழைய ஆட்கள் கார் பிடித்து வருவார்கள். நிர்வாகத்தாரிடம் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூசை நேரத்தில் யாரையும் இழுத்துப் பேசாதீர்கள். அன்னதானம் முடிந்து நிழலில் உட்காரும் அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. கோயிலின் பழைய நன்கொடைப் புத்தகத்தையும் கேளுங்கள்; யார் எந்த ஊரிலிருந்து பணம் அனுப்பினார்கள் என்று அதில் இருக்கும்.

ஈப்போ பட்டணம் என்றால் புந்தோங்கிலிருந்து தொடங்குங்கள். தோட்டத்தை விட்டு வந்தவர்கள், ரயில்வேக்காரர்கள், நகராட்சி வேலைக்காரர்கள், கச்சாங் பூத்தே வியாபாரிகள் என்று பல வகைத் தமிழர்கள் வந்து சேர்ந்த பகுதி அது. அடுத்துச் சிலிபின் பக்கம் போகலாம். தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலில் ஊரே கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூட்டத்தில் விசாரிப்பு நடக்காது. முகம் பார்த்து எண் வாங்க மட்டும் அந்த நாளைப் பயன்படுத்துங்கள்.

பிறகு கடைக்காரர்கள். முடிதிருத்துபவர், நகை செய்த பத்தர், தையற்காரர், சீனர் மளிகைக்கடை. இவர்களில் மளிகைக்கடைத் தவுக்கேதான் பெரும்பாலும் மறக்கப்படுகிறார். 555 நோட்டில் கடன் எழுதியவர் அவர். எந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று அரிசிக் கணக்கிலேயே சொல்வார். தோட்டத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர் என்றால் தமிழிலேயே சொல்வார்.

பள்ளித் தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டும்படி கேட்பதானால் கடிதத்தோடு போங்கள். மறுத்தால் வாதாட வேண்டாம். முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

படி 5: கேட்கும் முறை

நாளைக் காலை ஒரு பாட்டியின் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இப்படிக் கேட்காதீர்கள்: "பாட்டி, 1962ல இங்க இருந்த முனியாண்டி குடும்பம் எங்க போச்சு?" ஆண்டு அவருக்குப் பிடிபடாது. முனியாண்டி பத்துப் பேர் இருந்திருப்பார்கள். 'தெரியலய்யா' என்பார். ஒரு முறை தெரியாது என்று சொல்லிவிட்டவர் பிறகு மெனக்கெட்டு யோசிக்கமாட்டார்.

இப்படிக் கேளுங்கள்: "பாட்டி, ஒங்க லயத்துல ஒங்க வீடு எத்தனாவது? வலப்பக்கம் யாரு இருந்தா? அவங்களுக்கு அந்தாண்ட?"

1. முதலில் நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லுங்கள். உங்கள் தொழில், படிப்பு எல்லாம் அப்புறம். "நான் அஞ்சாம் நம்பர் லயத்து ஆயாக் கொட்டகைக்காரம்மா பேரன்" என்ற ஒரு வரியில் கதவு திறக்கும்.

2. அவருடைய சொந்த வாழ்க்கையைக் கேளுங்கள். எத்தனை மணிக்குப் பிரட்டு, எந்த வெட்டு, யார் மண்டோர், யார் கிராணி. அவருடைய நாளை அவர் நடந்து போகட்டும். வழியில் உங்கள் ஆட்கள் எதிர்ப்படுவார்கள்.

3. வீடு வீடாகக் கட்டத்தை நிரப்புங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று கேள்வி: பிள்ளைகள் எத்தனை, பெண்ணை எந்த ஊருக்குக் கொடுத்தார்கள், அவர்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் வந்தார்கள். நடுக்கேள்விதான் தங்கம். ஆண்பிள்ளைகள் வேலை தேடி எங்கெங்கோ போவார்கள். பெண்ணைக் கொடுத்த ஊர் மட்டும் அக்கம்பக்கத்தாருக்கு மறக்காது, ஏனென்றால் அவர்களும் அந்தக் கல்யாணத்துக்குப் பஸ் ஏறிப் போயிருப்பார்கள்.

4. தேடும் குடும்பத்தின் பெயரைக் கடைசி வரை நீங்களாகச் சொல்லாதீர்கள். அவர் சொன்னால், முகத்தை மாற்றாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு திரும்பி வாருங்கள். ஆர்வத்தைக் காட்டினால் பெரியவர்கள் உங்களை மகிழ்விப்பதற்காகவே கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்கள்.

5. எழும்போது ஒரே கேள்வி: "இதப் பத்தி ஒங்களவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு?" அந்தப் பெயரோடுதான் அடுத்த வீட்டுப் படி ஏற வேண்டும்.

ஒலிப்பதிவு செய்வதானால் அனுமதி கேட்டு, கைத்தொலைபேசியைக் கண்ணெதிரே வையுங்கள். காலைப் பொழுது நல்லது. மதியத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள். பழமும் பிஸ்கட்டும் போதும்.

படி 6: ஞாபகத்தை ஆண்டாக மாற்றுங்கள்

பெரியவர்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தக் கணக்கை ஒட்டி வையுங்கள்:

ஜப்பான்காரன் காலம், வாழைமரக் காசு: 1941 இறுதி முதல் 1945 வரை. சயாமுக்குப் பிடித்துப் போனது: பெரும்பாலும் 1942, 1943.

சுங்கை சிப்புட்டில் தொரைமாரைச் சுட்டது: 1948 ஜூன் 16. அதையொட்டி அவசரகாலம் வந்தது. 'கம்பி வேலிக்குள்ள இருந்தோம்', 'சோத்தக்கூட வெளிய எடுத்துட்டுப் போக முடியாது' என்றால் அதற்கடுத்த ஆண்டுகள்.

'தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தாங்க': 1950களும் 60களும்.

பேராக் ஆற்றுப் பெருவெள்ளம்: 1967 தொடக்கம். 1926 வெள்ளம் பாட்டியின் பாட்டி சொன்னதாக வரும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

'சிவப்பு ஐசிக்கு பெர்மிட் கேட்டாங்க': 1969ஐ ஒட்டி. அப்போது குடியுரிமை இல்லாத பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள்.

கப்பல் பெயர் மிக நல்ல சாட்சி. ரஜுலாவில் போனார்கள் என்றால் 1970களின் தொடக்கத்துக்கு முன். சிதம்பரம் கப்பல் என்றால் அதற்குப் பின், 1985இல் அது தீப்பிடித்ததற்கு முன்.

திடலில் போட்ட படம்: 'பாசமலர்' 1961, 'எங்க வீட்டுப் பிள்ளை' 1965. தோட்டத்துக்குப் படம் தாமதமாகத்தான் வரும். ஆகவே 'இதற்கு முன் இல்லை' என்று மட்டும் சொல்லலாம். 'இந்த ஆண்டுதான்' என்று சொல்ல முடியாது.

இரண்டு சம்பவத்துக்கு நடுவே நிறுத்தப் பாருங்கள். "வெள்ளத்துக்கு முன்னாடியா பின்னாடியா? பெர்மிட்டுக்கு முன்னாடியா?" அதிலேயே இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் வந்துவிடுவீர்கள்.

ஞாபகம் அறுந்து நிற்கும் இடங்கள்

சில குடும்பங்கள் வீடு மாறியதால் பிரியவில்லை. சயாம் ரயில்பாதைக்குக் கணவனைக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை, மனைவி மறுமணம் செய்துகொண்டாள், பிள்ளையைப் பக்கத்து வீட்டார் எடுத்து வளர்த்தார்கள். அப்படி வளர்ந்தவருக்கே உண்மை சொல்லப்படாமல் இருந்திருக்கலாம். லயத்துக்கே தெரிந்த செய்தி அந்த ஒருவருக்கு மட்டும் தெரியாமல் இருக்கும். எனவே 'எடுத்து வளர்த்த பிள்ளை' என்ற பேச்சு வந்தால் நோட்டில் குறியுங்கள், வேறு எந்த வீட்டிலும் வாய்விட்டுக் கேட்காதீர்கள்.

தெருவே இல்லாமல் போனதும் உண்டு. 1973 அக்டோபர் 18ஆம் தேதி குனோங் சீரோவில் சுண்ணாம்புப் பாறை சரிந்து குடியிருப்பின் மேல் விழுந்தது. 40 பேர் அளவில் இறந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தைப் பற்றித் தேடுவதானால் முதலில் அந்தத் தேதியை ஒட்டிய பழைய நாளிதழ்களைப் படித்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் தமிழ் முரசையும் ஆங்கில ஏடுகளையும் மின்வடிவில் வைத்திருக்கிறது. ஏட்டில் கிடைக்கும் விவரத்தை உயிர் தப்பியவர்களிடம் கேட்டு அவர்களை மறுபடி அழவைக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பியவர்களுக்கு வழி வேறு. பூர்வீக ஊரும் கப்பல் ஏறிய காலமும் கிடைத்தவுடன் மலேசியச் செம்பிறைச் சங்கத்தின் குடும்பத் தொடர்பு மீட்புச் சேவையை அணுகிப் பாருங்கள். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் அதே உலக வலைப்பின்னலில் இருக்கிறது.

படி 7: சரிபாருங்கள்

ஒரு பெயரும் ஊரும் கைக்கு வந்ததும் தொலைபேசியை எடுக்காதீர்கள். முதலில் மூன்று பொருந்த வேண்டும்: பக்கத்து வீட்டார் யார், பிள்ளைகளின் வரிசை, அந்தக் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு சம்பவம். மூன்றாவதை எவரிடமும் சொல்லாமல் வைத்திருங்கள். அதுதான் உங்கள் பூட்டு.

பழைய தமிழ் நாளிதழ்களின் மரண அறிவிப்பு, கருமக்கிரியை அறிவிப்பு ஆகியவற்றில் மகன், மருமகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் பெயர் வரிசையாக இருக்கும். தெருக்காரர்கள் சொன்ன பிள்ளைகள் வரிசையை அதோடு ஒத்துப்பாருங்கள். தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டாலும் 1924 முதல் வந்த ஏடு. அதன் பழைய இதழ்களைத் தேசிய ஆவணக் காப்பகத்திலோ நூலகங்களிலோ விசாரியுங்கள்.

பாதுகாப்பு

தோட்டம் தனியார் நிலம். நுழைவாயிலில் ஜாகாவிடம் சொல்லி, ஆபீசில் அனுமதி வாங்கிய பிறகே உள்ளே போங்கள். தனியாகப் போகாதீர்கள். செம்பனைக் குலை அறுக்கும் வரிசைக்குக் கீழே நிற்கவே கூடாது. குலையும் மட்டையும் சொல்லாமல் விழும். பாம்பு உண்டு, மூடிய காலணி அணியுங்கள். பிற்பகலில் இடிமழை வரும், அதற்குள் வெளியே வந்துவிடுங்கள்.

கிந்தா பள்ளத்தாக்கில் இன்னொரு ஆபத்து ஈய லம்பக் குளங்கள். 'நம்ம வீடு இருந்த எடம் இப்ப குளத்துக்கு அந்தாண்ட' என்று சொல்லி ஓரமாக நடக்கத் தோன்றும். கரை மணல், சரியும். ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

பணத்திலும் விழிப்பு வேண்டும். முகநூலில் படமும் பெயரும் போட்ட அன்றே 'உங்கள் சித்தப்பா மகன்' ஒருவர் முளைக்கலாம். ஐசி எண்ணையும் பிறப்புச் சூராவையும் வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு, டிக்கெட் செலவு என்று கேட்டால் உங்கள் பூட்டைத் திறக்கச் சொல்லுங்கள்: அந்த மூன்றாவது சம்பவத்தைக் கேளுங்கள்.

படி 8: முதல் தொடர்பு

1. நீங்களே அழைப்பதைவிட, இரு பக்கமும் அறிந்த பழைய பக்கத்து வீட்டுக்காரரை முதலில் பேசச் சொல்லுங்கள். "அஞ்சாம் லயத்து வீட்டுப் பிள்ள ஒங்களத் தேடுது, நம்பர் கொடுக்கவா?" அவ்வளவு போதும்.

2. பதிலுக்கு ஒரு மாதமாவது காத்திருங்கள். குடும்பங்கள் சண்டை, கடன், ஓடிப்போன கல்யாணம், சாதி என்று பல காரணத்தால் தாமாகவும் விலகியிருக்கும்.

3. சம்மதம் வந்தால் முதல் சந்திப்பைப் பகலில், ஆள் நடமாட்டமுள்ள சாப்பாட்டுக் கடையில் வையுங்கள். தாளில் வரைந்த லயத்தைக் கொண்டுபோங்கள். காலியாக இருக்கும் கட்டங்களை அவர்கள் நிரப்பட்டும்.

4. வேண்டாம் என்றால் உங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதி அதே பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டு வாருங்கள். அவரை விட்டு மறுபடி அழைக்கச் சொல்லாதீர்கள். அவர் அந்த உறவோடு அதே ஊரில் இன்னும் பழகியாக வேண்டும்.